செங்டுவில் நல்ல கார மீன் கடையைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஆறு மாத வேலையாகச் சீனாவின் சிச்சுவான் மாகாணத் தலைநகர் செங்டுவுக்குப் போகிறேன், மாடும் பன்றியும் சாப்பிடுவதில்லை, மீன், இறால், நண்டு போதும், காரம் எவ்வளவு இருந்தாலும் சரி, நல்ல சிச்சுவான் மீன் கடைகளின் பெயர்களைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பெயர்களைக் கேட்டாலும் உங்களுக்கு வேண்டியவை இரண்டு என்று எனக்குப் படுகிறது. வாசலில் நிற்கும்போதே இந்தக் கடையில் மீன் தேறுமா தேறாதா என்று கணிக்கத் தெரிய வேண்டும். உள்ளே உட்கார்ந்த பிறகு மாட்டுக்கொழுப்போ பன்றிக்கொழுப்போ கிண்ணத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்ளவும் தெரிய வேண்டும். பட்டியல் தருவதில் எனக்குத் தயக்கம் உண்டு. செங்டுவில் சாப்பாட்டுக் கடைகள் திறப்பதும் மூடுவதும் அவ்வளவு வேகம். நான் சொன்ன முகவரியில் நீங்கள் போய் நிற்கிற நாளில் அங்கே பால் தேநீர் விற்றுக்கொண்டிருப்பார்கள். அதனால் உணவுகளின் பெயர்களையும் ஊர்களின் பெயர்களையும் சொல்கிறேன். அவை அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை.

என் தொழில் வற்றல் மிளகாய். குண்டூரிலிருந்து தேஜா ரகத்தைச் சீனாவுக்கு அனுப்பும் வியாபாரத்தில் பல வருடம் இருந்தேன். அந்த வகையில் செங்டு, சோங்சிங் இரண்டு ஊர்களிலும் மசாலா மொத்த வியாபாரிகளோடும் உணவகச் சமையற்காரர்களோடும் நல்ல பழக்கம். இந்திய வற்றலை அண்மை ஆண்டுகளில் அதிகமாக வாங்கும் நாடு சீனாதான். உறைப்புக்கு நம் தேஜா, மணத்துக்கும் நிறத்துக்கும் அவர்கள் மிளகாய் என்று கலந்துகொள்வார்கள். ஆகவே மிளகாய், எண்ணெய், மணம் பற்றி இங்கே சொல்வதைத் தைரியமாக நம்பலாம். சமையல் முறை பற்றிச் சொல்வதெல்லாம் அடுப்படியில் நின்று பார்த்ததும் கேட்டதும்தான்.

முதலில் கடல் உணவு என்ற எதிர்பார்ப்பைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். சிச்சுவானுக்குக் கடற்கரையே கிடையாது. செங்டுவிலிருந்து மிக அருகிலுள்ள கடல் நேர்கோட்டில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். அந்த ஊர் மீன் சமையல் முழுக்க ஆற்றையும் குளத்தையும் நம்பி வளர்ந்தது. புல்கெண்டை, பெருந்தலைக் கெண்டை, ஜீயூ என்ற சிறிய கெண்டை, கெளுத்தி வகைகள், விலாங்கு, நம் அயிரைக்கு உறவான ஒரு சிறு மீன், விரால் இவைதான் அங்கே அரசர்கள். விரால் என்றால் நம் விரால் அல்ல, அதே பேரினத்தில் குளிர் தாங்கும் இன்னொரு வகை; சதையின் உறுதி அப்படியே நம்ம ஊர் விரால்தான். கடல் மீன்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் செங்டுவில் ஆறு மாதமும் சுமாராகத்தான் சாப்பிடுவீர்கள். குளத்து மீனுக்கு மாறிக்கொண்டால் ஊர் திரும்ப மனம் வராது.

குளத்து மீன் என்றதும் சேற்று வாடை என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அந்த வாடைக்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற பொருள். குளத்து நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன, மீனின் கொழுப்பில் அது தங்கிவிடுகிறது. புளிப்பு பட்டால் சிதையும். நம் வீடுகளில் குளத்து மீனுக்குப் புளியைக் கூட்டிக் கரைப்பது இதற்குத்தான்; அவர்கள் அதே வேலைக்கு உப்பிலும் நீரிலும் புளிக்கவைத்த கடுகுக் கீரையையும், ஜாடியில் ஊறிய மிளகாயையும் இஞ்சியையும் போடுகிறார்கள். நல்ல கடையில் இந்த வாடை வரவே வராது. வந்தால் மீன் சரியில்லை, அல்லது ஊறுகாய் ஜாடி சரியில்லை.

இன்னொன்றும் உறுதியாகச் சொல்ல முடியும். யாங்சி ஆற்றிலும் அதன் முக்கியக் கிளையாறுகளிலும் 2021 ஜனவரி 1 முதல் பத்து ஆண்டுகளுக்கு மீன்பிடித் தடை நடப்பில் இருக்கிறது. சிச்சுவானில் ஓடும் மின், துவோ, ஜியாலிங் எல்லாம் யாங்சியில் போய்ச் சேருபவைதான். ஆகவே ‘ஆற்றில் பிடித்த காட்டு மீன்’ என்று ஒரு கடை சொன்னால் ஒன்று அது பொய், அல்லது சட்டவிரோதம். அப்படி விளம்பரம் செய்வதே கூடாது என்று சந்தைக் கண்காணிப்பு அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். நீங்கள் சாப்பிடப்போவது எல்லாம் வளர்ப்பு மீன். அதில் குறை ஒன்றும் இல்லை. ஆற்று மீன் என்று காதோரம் வந்து கிசுகிசுக்கும் கடைக்காரரிடம் மட்டும் கூடுதல் விலை கொடுத்து ஏமாறாதீர்கள்.

இப்போது கடையைக் கணிப்பது. நல்ல மீன் கடைக்குப் பெரும்பாலும் ஒரே வேலைதான் இருக்கும். நூறு உணவுகள் படத்தோடு அச்சிட்ட தடிமனான மெனுவில் மீனும் ஒரு பக்கம் என்றால் தாண்டிப் போங்கள். ஒரு மீன், ஒரு முறை, கூட நாலு தொடுகறி என்று இருக்கும் கடையில் நுழையலாம். வாசலிலோ சமையலறை ஓரத்திலோ தொட்டி இருக்க வேண்டும். தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும். மீன் அடியில் நின்று நீந்த வேண்டும், மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருக்கக் கூடாது. நீங்கள் காட்டும் மீனை வலையில் அள்ளி உங்கள் கண் முன்னே எடை போடுவார்கள். கணக்கு ஜின்னில் இருக்கும். ஒரு ஜின் 500 கிராம். விலை உயிர் மீனின் முழு எடைக்கு, தலை, முள், குடல் எல்லாம் சேர்த்து. இரண்டு பேருக்கு இரண்டு ஜின் மீன் என்று பேசிவிட்டு மூன்றரை ஜின் மீனை அள்ளுவது கடைக்காரர்களின் உலகப் பொதுப் பழக்கம், எடை போட்ட உடனே சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள், வெட்டிய பிறகு பேச்சில்லை. சட்டி, குழம்புக்குத் தனிக் கட்டணம் உண்டா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

தொட்டி இல்லாத கடை எல்லாம் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மலிவுக் கடைகளிலும் வீட்டுக்கு வரவழைக்கும் சாப்பாட்டிலும் உறைந்த பாசா மீன் துண்டு அதிகம் புழங்குகிறது. வியட்நாமிலிருந்து வருவது. கண்டுபிடிப்பது சுலபம்: எல்லாத் துண்டும் ஒரே வெள்ளை, தோலும் இல்லை முள்ளும் இல்லை, கடித்தால் நீர் கோத்து மெத்தென்று இருக்கும். உயிர் மீனை வெட்டிச் செய்த கிண்ணத்தில் துண்டுகளுக்குக் கீழே, முளைப்பயறுக்கும் கீழே, தலையும் நடுமுள்ளும் கிடக்கும். கிளறிப் பாருங்கள். கிண்ணத்தின் அடியில் தலை கிடந்தால் பாதி நிம்மதி.

முள் பற்றி ஒரு எச்சரிக்கை. புல்கெண்டையில் சதைக்குள்ளேயே கவட்டை வடிவில் மெல்லிய முட்கள் உண்டு. தேர்ந்த கை சாய்வாகச் சீவினால் அவற்றைத் துண்டாக்கிவிடும், முழுக்க நீக்க முடியாது. ஜீயூவில் முள் அதைவிட அதிகம். குழந்தைகளோடு போனால், அல்லது பேசிக்கொண்டே சாப்பிடும் பழக்கம் இருந்தால், விரால் அல்லது கெளுத்தி கேளுங்கள். விலை கொஞ்சம் கூடும், தொண்டை பிழைக்கும்.

கார மீன் என்று ஒரே பெயரில் நாம் சொல்வது அங்கே குறைந்தது மூன்று வேறு சுவைகள். இதைப் புரிந்துகொண்டால் கடை தேடுவதில் பாதி வேலை முடிந்தது. முதலாவது வற்றல் காரம். வெளிநாட்டில் எல்லாரும் கேள்விப்பட்டிருக்கும் ஷுய்ஜூ யூ இந்த வகை: மீன் துண்டை முட்டை வெள்ளைக்கருவிலும் மாவிலும் பிசறி, குழம்பில் ஒரு நிமிடத்துக்குள் வேகவைத்துக் கிண்ணத்தில் கொட்டி, மேலே வற்றலும், நாக்கை மரமரக்கவைக்கும் ஹுவாஜியாவ் என்ற காயும் குவித்து, புகையக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றுவார்கள். கடைசியில் ஊற்றும் அந்த எண்ணெய்தான் மொத்த வித்தையும். நன்றாகச் செய்திருந்தால் மேசைக்கு வரும்போது வற்றல் முழுதாக, பளபளவென்று சிவந்து இருக்கும், வறுத்த வாசனை அடிக்கும். வற்றல் உடைந்து கறுத்து, எண்ணெய் கலங்கி இருந்தால் அந்த எண்ணெய் வேறு யாருடைய மேசையிலாவது ஏற்கெனவே இருந்துவிட்டு வந்திருக்கலாம் என்று சந்தேகப்படுவதில் தப்பில்லை. எண்ணெயைத் திரும்பப் பயன்படுத்துவது அங்கே குற்றம், ஆனாலும் அவ்வப்போது பிடிபடுகிறார்கள். அப்புறம், அது சாறு அல்ல. சோற்றில் ஊற்றிப் பிசையாதீர்கள். கரண்டியால் மீனை மட்டும் எடுத்து, எண்ணெயை வடித்து, மிளகாயை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட வேண்டும்.

இந்த வற்றல் விஷயத்தில் தொழில்காரனாக ஒரு வார்த்தை. உறைப்பு அதிகம் என்பதை நல்ல கடைக்கு அடையாளமாக வைக்காதீர்கள். உறைப்பு மலிவு, ஒரு கைப்பிடி தேஜா போட்டால் யாரும் கண்ணீர் வரவைக்கலாம். அந்த ஊர்க்காரர்கள் கொண்டாடும் அர்ஜிங்தியாவ் என்ற நீளமான, நுனி வளைந்த மிளகாயில் உறைப்பு குறைவு, மணம் அபாரம். பீஷியான் தோபான் என்ற புளித்த மிளகாய் விழுதுக்கும் பாரம்பரியமாக அதைத்தான் மொச்சை வகைப் பயறோடும் உப்போடும் சேர்த்து வெயிலிலும் பனியிலும் வருடக்கணக்கில் புளிக்கவைக்கிறார்கள். பீஷியான் இன்று செங்டு மாநகரின் ஒரு மாவட்டம். மிளகாய் அந்த ஊருக்கு ஒன்றும் ஆதியிலிருந்து வந்ததல்ல. செங்டுவை அடுத்த தாயி என்ற ஊரின் 1749ஆம் ஆண்டுப் பதிவேட்டில்தான் சிச்சுவானில் மிளகாய் பற்றிய பழைய குறிப்பு காணப்படுகிறது. ஈரம் நிறைந்த ஊர், அதனால் உடம்பு ஈரத்தைப் போக்கக் காரம் சாப்பிட்டார்கள் என்று எல்லாக் கடைக்காரரும் சொல்வார்கள். கேட்டுக்கொள்ளலாம். ஈரம் மிகுந்த ஊர்கள் எத்தனையோ காரம் இல்லாமலே சாப்பிடுகின்றனவே என்று திருப்பிக் கேட்டால் சிரித்துவிட்டு ஒரு தட்டு நிலக்கடலை கூட வைப்பார்கள்.

இரண்டாவது, ஊறவைத்த காரம். ஜாடியில் புளித்த மிளகாயும் இஞ்சியும் கீரையும் தரும் காரம். சுவான்சாய் யூ இந்த வகை. குழம்பு வெளிறிய மஞ்சளாக, புளிப்பாக இருக்கும், இதைத் தாராளமாகக் குடிக்கலாம். தோபான் விழுதில் வேகவைத்த முழு மீன் இதன் சிவப்பு உறவு. கோடையில் ஹுவோஷியாங் என்ற மூலிகை இலையைப் பொடியாக நறுக்கி, ஊறிய மிளகாய்க் குழம்பில் ஜீயூவைப் போட்டுச் செய்வது ஒன்று உண்டு. புதினாவும் சோம்பும் சேர்ந்தாற்போன்ற மணம். முள் அதிகம், பொறுமை வேண்டும். என்னைக் கேட்டால் சிச்சுவானிலேயே இதைத் தாண்டி ஒரு மீன் உணவு இல்லை. வெளியூர்க்காரர்கள் யாரும் இதைத் தேடிப்போவதில்லை, அதனால் இதைச் செய்யும் கடை பெரும்பாலும் அக்கம்பக்கத்துக்காரர்களுக்காகவே நடக்கும் கடையாக இருக்கும். மெனுவில் இது இருந்தால் உட்காருங்கள்.

மூன்றாவது, பச்சைக் காரம். இதற்குத் தலைநகரம் சிகோங், செங்டுவுக்குத் தெற்கே உள்ள பழைய உப்பு ஊர். பச்சை மிளகாயும் இளம் இஞ்சியும் மலைபோல் போட்டு, மீனைச் சட்டென்று வேகவைத்து எடுப்பார்கள். உறைப்பு மற்ற இரண்டையும்விடக் கூர்மை. காரம் எவ்வளவு இருந்தாலும் சரி என்று எழுதியிருக்கிறீர்களே, அதைச் சோதித்துக்கொள்ள இதுதான் இடம். செங்டுவிலேயே சிகோங் சமையல் என்று பலகை மாட்டிய கடைகள் நிறைய உண்டு. நம் நாக்குக்கு, இஞ்சி பச்சைமிளகாய் வாசனையால், இவை சீக்கிரம் பிடிபடும்.

இந்த மூன்றோடும் ஊடாக ஓடுவது ஹுவாஜியாவின் மரமரப்பு. நம்மில் பலர் இதை மிளகு என்று நினைக்கிறோம்; மிளகுக்குச் சம்பந்தமே இல்லை, எலுமிச்சைக் குடும்பத்துக் காய். கொங்கணத்தில் அயிலைக் குழம்பில் போடும் திர்ஃபல் இதன் நெருங்கிய உறவு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2013ல் வெளியிட்ட ஆய்வில் இது உதட்டில் உண்டாக்கும் துடிப்பு நொடிக்குச் சுமார் 50 அதிர்வுகளுக்கு ஒப்பாக இருக்கிறது என்று கண்டார்கள். சிவப்பு வகைக்கு ஹான்யுவான் பேர் போனது. பச்சை வகைக்குச் சோங்சிங்கைச் சேர்ந்த ஜியாங்ஜின். மீனுக்குப் பச்சைதான் பொருத்தம், எலுமிச்சை வாசனை தூக்கலாக இருக்கும். கோடையில் போனால் கொத்தாகப் பறித்த பசுங்காயையே மீன் மேல் போட்டு எண்ணெய் ஊற்றித் தருவார்கள். நல்ல ஹுவாஜியாவ் மரமரக்கும், ஆனால் கசக்காது. நாக்கில் கசப்பு தங்கினால் பழைய சரக்கு, கடையும் அப்படித்தான்.

அடுத்தது ஊர்கள். இது எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீட்டுவேன். சோங்சிங் 1997 வரை சிச்சுவானின் பகுதிதான், பிறகு தனியாகப் பிரிந்தது. செங்டுவுக்கும் சோங்சிங்குக்கும் இடையே பழைய சாலையில் லாரிகள் நாள் முழுக்க ஊர்ந்துகொண்டிருந்த காலத்தில், 1980களிலும் 90களின் தொடக்கத்திலும், ஓட்டுநர்களை நம்பி ஒவ்வொரு சிற்றூரும் ஒரு மீனைப் பிடித்துக்கொண்டது. ஸிஜோங் வட்டாரத்தின் சியூஷி என்ற ஊரில் கெளுத்தி. தாசூ மாவட்டத்தின் யோதிங்கில் ஜீயூ, வறுத்த கடலை, எள் பொடியில் தொட்டுச் சாப்பிடுவார்கள். சோங்சிங்குக்குப் பக்கத்தில் பீஷானைச் சேர்ந்த லாய்ஃபெங்கில் எண்ணெய் பெருகும் மாலா மீன், அதாவது மரமரப்பும் காரமும் சேர்ந்தது. அந்தச் சாலையில் இல்லாவிட்டாலும் தொங்னான் மாவட்டத்து தாய்ஆன் மீனும் இதே கூட்டம்தான். சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாவில் புரட்டிய பெரிய துண்டுகள். களைத்து வந்தவனுக்குச் சீக்கிரம் பரிமாற வேண்டும், நாக்கை எழுப்ப வேண்டும், சோறு நிறைய இறங்க வேண்டும். அந்தச் சமையலின் முரட்டுத்தனம் எல்லாம் இதிலிருந்து வந்தது. 1995ல் விரைவுச்சாலை திறந்ததும் லாரிகள் பழைய சாலையை விட்டுப் போய்விட்டன. ஊர்ப் பெயர்கள் மட்டும் நகரத்துக் கடைப் பலகைகளில் ஏறிக்கொண்டன.

ஆகவே செங்டுவில் பலகையில் ஊர்ப்பெயரும் மீன்பெயரும் சேர்ந்து இருந்தால், சியூஷி கெளுத்தி, யோதிங் ஜீயூ என்பது போல, அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ளலாம். உறுதி என்று சொல்ல மாட்டேன், பெயரை யாரும் மாட்டிக்கொள்ளலாம். ஆனால் ஒரே மீனில் கைதேர்ந்தவர்கள் இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கே போய்ப் பார்ப்பது இன்னும் மேல். 2015 டிசம்பரில் திறந்த செங்டு–சோங்சிங் அதிவேக ரயிலில் ஸிஜோங் வடக்கு, தாசூ தெற்கு, பீஷான் என்று இந்த ஊர்களுக்குப் பக்கத்திலேயே நிலையங்கள் இருக்கின்றன. தாசூவில் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள பாறைச் சிற்பங்களையும் பார்த்துவிடலாம். எல்லா ரயிலும் எல்லா நிலையத்திலும் நிற்காது, நேரம் பார்த்து ஏறுங்கள். இவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் மெட்ரோ பத்தாம் தடத்தில் ஷின்ஜின் போங்கள்; ஆறுகள் கூடும் இடம், செங்டுக்காரர்கள் விடுமுறையில் மீன் சாப்பிடவே போகிற ஊர்.

எந்த மீனை எந்த ஊரில் முதலில் செய்தார்கள் என்ற வழக்குக்குள் நுழையாதீர்கள். ஷுய்ஜூ யூவும் சுவான்சாய் யூவும் சோங்சிங் பக்கத்திலிருந்து 1980களை ஒட்டிப் பரவின என்பதில் பெரும்பாலோர் ஒத்துப்போகிறார்கள்; எந்தக் கடை, எந்தச் சமையற்காரர் என்பதற்கு ஒவ்வொருவரும் ஒரு கதை வைத்திருக்கிறார்கள். சுட்டுவிட்டுக் குழம்பில் கொதிக்கவிடும் மீனுக்கு வான்ஜோ பேர் போனது. பெரிய வணிக வளாகங்களில் இருக்கும் சங்கிலிக் கடைகளைப் பற்றியும் கேட்பீர்கள். சுவான்சாய் யூவுக்கு மிகவும் பேர்பெற்ற ‘தாய் அர்’ குவாங்ஜோவில் 2015ல் தொடங்கியது, சிச்சுவான் கடையே அல்ல. ஆனால் இடம் சுத்தம், அளவும் சுவையும் எங்கே போனாலும் ஒன்று. வந்திறங்கிய முதல் வாரத்துக்கு இப்படிப்பட்ட இடங்கள் நல்லவை. ஜின்லி, குவான்ஜாய் சந்து போன்ற சுற்றுலா இடங்களில் மட்டும் மீன் சாப்பிடாதீர்கள், தேநீர் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

கைபேசியில் தியான்பிங் செயலி இல்லாமல் அங்கே யாரும் கடை தேடுவதில்லை. நட்சத்திரங்களை நம்பாதீர்கள். நல்ல விமர்சனம் எழுதினால் ஒரு தட்டு இலவசம் என்று மேசையிலேயே அட்டை வைக்கும் கடைகள் ஏராளம். வாடிக்கையாளர்கள் எடுத்த படங்களைப் பாருங்கள்: எல்லா மேசையிலும் ஒரே மீன் இருக்கிறதா, முள்ளும் தலையும் தெரிகிறதா, எண்ணெய் தெளிவாக இருக்கிறதா. புகார்களையும் படியுங்கள். பணியாளர் முகம் கொடுத்துப் பேசவில்லை, இடம் நெருக்கடி, வரிசை நீளம் என்ற புகார்கள் மட்டும் இருந்தால் உடனே கிளம்பலாம்.

கடல் உணவுக்கு வருகிறேன். விமானத்தில் தினமும் இறால், நண்டு எல்லாம் வருகின்றன, விலையும் அதற்கேற்ப. பழைய விருந்துகளில் கடல் என்றால் உலர்ந்த கடல்தான். காய்ந்த கணவாயும் கடல் அட்டையும் ஊறவைத்துத் தோபான் விழுதில் சமைத்தது. இன்று நீங்கள் கேட்டு வாங்கத் தக்கவை: ஊறிய மிளகாயில் குட்டிக் கணவாய், கோங்பாவ் முறையில் வேர்க்கடலையும் வற்றலும் போட்ட இறால், ஷியாங்லா ஷியே என்ற கார நண்டு. கார நண்டைத் துண்டாக்கி, மாவு தொட்டுப் பொரித்து, வற்றலில் புரட்டிச் சட்டியோடு தருவார்கள். நண்டு தீர்ந்ததும் அதே சட்டியில் சாறு ஊற்றிக் கீரை, கிழங்கு வேகவைத்துக்கொள்ளலாம். இங்கேயும் உயிர் நண்டைக் காட்டச் சொல்லுங்கள். மாவுப் பூச்சு தடிப்பாக இருந்தால் உள்ளே பெரிதாக ஒன்றும் இருக்காது. கோடையில் எங்கும் குவிந்திருக்கும் ஷியாவ்லோங்ஷியா கடல் இறால் அல்ல, நன்னீர் வகை, பெரும்பாலும் ஹுபெய் பக்கத்துச் சரக்கு. உரிக்கும் உழைப்புக்குக் கிடைக்கும் சதை மிகக் குறைவு என்பது என் கட்சி. இரவு பதினொரு மணிக்கு நண்பர்களோடு உட்கார்ந்தால் அந்தக் கணக்கு எல்லாம் யாரும் பார்ப்பதில்லை.

கடைசியாக, நீங்கள் சாப்பிடாதவை. மீன் கேட்டால் மீன் மட்டும் வரும் என்று நினைக்காதீர்கள். மேசையிலேயே கொதிக்கும் குழம்பில் வேகவைத்துச் சாப்பிடும் சோங்சிங் பாணி ஹாட்பாட்டின் அடிப்படையே மாட்டுக்கொழுப்பு. சுட்ட மீன் கடைகள் பலவற்றிலும் அதே மசாலாக் கட்டியைத்தான் கரைக்கிறார்கள். அதன் பெயர் நியூயோ. அதற்குப் பதில் சிங்யோ, அதாவது கடுகு வகை எண்ணெயில் செய்தது, என்று கேட்டால் பெரும்பாலான இடங்களில் தருவார்கள். கான்ஷாவ் என்ற பெயரில் வரும் மீனிலும் இறாலிலும் பொடியாக நறுக்கிய பன்றி இறைச்சி கிட்டத்தட்ட எப்போதும் இருக்கும். சுவான்சாய் யூவில் மீன் முள்ளை வறுக்கப் பன்றிக்கொழுப்பு, பெயர் ஜூயோ, பயன்படுத்தும் கடைகள் நிறைய. வெளியே தெரியவே தெரியாது. யூஷியாங் என்று தொடங்கும் உணவுகளில் மீன் கிடையாது, பெரும்பாலும் பன்றிதான். மெய்வா யூதோ என்று ஊர் முழுக்கப் பலகை பார்ப்பீர்கள், அதில் மீன் தலையோடு தவளையும் சேர்ந்து வரும். பள்ளிவாசல் பக்கத்து ஹலால் கடைகளில் பன்றி இருக்காது, மாடு தாராளமாக இருக்கும். நியூயோ வேண்டாம், ஜூயோ வேண்டாம், இறைச்சித் துணுக்கு வேண்டாம், சிங்யோவில் செய்யுங்கள் என்ற நான்கு வரியைச் சீன எழுத்தில் கைபேசியில் எழுதி வைத்துக்கொண்டு, மீனை எடை போடும்போதே காட்டிவிடுங்கள். வாயால் சொன்னால் நம் உச்சரிப்பில் வேறு ஏதாவது வந்து சேரும். கார அளவு கேட்கும்போது முதல் வாரம் மட்டும் வெய்லா என்று குறைத்தே சொல்லுங்கள். உறைப்பை நீங்கள் தாங்குவீர்கள், அந்த அளவு எண்ணெய்க்கு வயிறு பழகத்தான் நாளாகும்.